விடியற்காலைத் தேர்தல்

மலையுச்சிச் சதுப்பின் ஓரத்தில் கரிய மண் கனன்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி விலங்குகள் குளிர்காய்ந்தன. புல்லும் பாசியும் பல்லாண்டுகளாக மட்கிச் சேர்ந்த மண் அது. இடி விழுந்து பற்றிய நெருப்பு, சுடர்விடாமல் புகைந்தபடியே நகர்ந்தது. மழைநீரை உறிஞ்சி வைத்து, கீழேயுள்ள ஊற்றுக்குச் சிறிது சிறிதாக விடுவதும் அதே மண்தான்.

அது மாசி மாதம். விடியலில் பனி கடித்தது. நண்பகலில் வெயில் எரித்தது.

தலைமைப் பதவிக்கு நரியும் கடமானும் போட்டியிட்டன.

“நெருப்பை அகலமாக்குவேன்,” என்றது நரி.

“நான் அதை அணைப்பேன். மண் எரிந்தால் ஊற்று வற்றும்,” என்றது கடமான்.

“தேர்தலை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாமா, அண்ணா?” என்று நரி பணிவாகக் கேட்டது.

“எந்த நேரமானால் என்ன? உண்மை மாறிவிடுமா?” என்றது கடமான்.

விரும்பிய வேட்பாளரின் முன் ஒரு நெல்லிக்கொட்டையை வைப்பதே வாக்கு. பிறந்து நான்கு நாளே ஆன குட்டியோடு ஒரு வரையாடு வரிசையில் நின்றது. பின்னால் நின்ற முள்ளம்பன்றி அதைக் கேட்டது:

“நேற்று நண்பகலில், கடமானுக்கே என் வாக்கு என்றாயே, அக்கா?”

“நேற்று நாக்கு வறண்டது. இப்போது குட்டி நடுங்குகிறது.”

“ஏதேனும் ஒரு முடிவில் நில்லேன்.”

“நீ யாருக்கு?”

“காலையில் நான் நரியின் பக்கம். நல்லவேளை, மதியம் என்னை யாரும் கேட்பதில்லை.”

நரி வென்றது. நெருப்பு விரிந்தது. மூன்றாம் நாள் ஊற்றில் சேறுதான் இருந்தது. வரையாட்டின் மடியில் பால் குறைந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது. வரையாடு நரியிடம் ஓடியது.

“தவறு செய்துவிட்டோம். மறுதேர்தல் வேண்டும்.”

“தாராளமாக. நாளை விடியற்காலையில் வைப்போம்.”

“நண்பகலில் வையுங்கள்,” என்று கடமான் குறுக்கிட்டது.

“எந்த நேரமானால் என்ன என்றவர் நீங்கள்தானே, அண்ணா?” என்றது நரி.

விடிந்தது. புல்லெல்லாம் உறைபனி. வாயில் கொட்டையோடு வரையாடு இருவருக்கும் நடுவே வந்து நின்றது. காலோடு ஒட்டிய குட்டியின் உடல் வெடவெடத்தது. கொட்டையைக் கீழே வைத்துவிட்டு, வரையாடு கடமானைப் பார்த்தது.

“அண்ணா, இந்தக் குளிருக்கு வழி என்ன?”

“பொறு. நான் சொல்வது நண்பகலில் விளங்கும்.”

“இப்போது நண்பகல் இல்லையே.”

பால் வேண்டும், சூடும் வேண்டும். எதை முதலில் கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. நெடுநேரம் நின்றது. பின்னால் நின்றவை முணுமுணுத்தன. கடைசியில் கொட்டையை எடுத்து நரியின் முன்னேயே வைத்தது. மீண்டும் நரியே வென்றது.

மேலும் பத்து நாளில் கரிய மண் முழுவதும் எரிந்து, அடிப்பாறை தெரிந்தது. ஊற்று வற்றியது. எரிப்பதற்கு மண் இல்லாததால் நெருப்பும் அவிந்தது. சாம்பலின்மேல் நரியும் நடுங்கியபடி படுத்திருந்தது.

வரையாடு குட்டியோடு சரிவில் இறங்கியது.

“எங்கே போகிறாய், அக்கா?” என்றது முள்ளம்பன்றி.

“தண்ணீர் இருக்கும் கீழ்க்காட்டுக்கு.”

“அங்கே செந்நாய்கள் உண்டு.”

“தெரியும்,” என்ற வரையாடு, குட்டியை முன்னே விட்டு நடந்தது.

வாக்களிக்கும் வேளையின் துன்பத்தை மட்டும் கேட்டு வாக்களிப்பவர், தம் எல்லா வேளைகளையும் அந்த ஒரு வேளையிடம் ஒப்படைத்துவிடுகிறார்.