பின்சீட்டை விட்டு இறங்காத தவமணி

மலையடிவாரத்தில் கிருபாகரன் நடத்திய எலெக்ட்ரிக் பைக் கடையில், ‘எந்த மலையும் ஏறும்’ என்று பெரிய பலகை தொங்கியது. மலைமேல் இருக்கும் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றும் தவமணி அதை நம்பி ஒரு வண்டி வாங்கினாள். வண்டி முதல் வளைவிலேயே நின்றது. அவள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்தது. இன்னொரு முறை திரிந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள் டீக்கடைக்காரர்கள்.

“மோட்டார் பத்தலை, மாத்திக் கொடுங்க சார்,” என்று கிருபாகரனிடம் போய்க் கேட்டாள்.

“மோட்டாருக்கு யானை பலம். உனக்குத்தான் ஓட்டத் தெரியலை. பொம்பளைங்ககிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்,” என்றார் கிருபாகரன். வண்டி வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

தவமணி சிரிக்கவில்லை. “சரிங்க சார், தப்பு என்மேலதான். நீங்களே ஓட்டிக் காட்டுங்க. பின்னாடி உட்கார்ந்து கத்துக்கிறேன்.”

அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. கிளம்பினார். வேடிக்கை பார்க்க அவர்களும் தங்கள் வண்டிகளில் பின்னாலேயே வந்தார்கள்.

முதல் வளைவில் வண்டி முனகி நின்றது.

“இறங்கும்மா.”

“ரெண்டு பேர் போகலாம்னு சொல்லித்தானே வித்தீங்க? தள்ளுங்க. நான் தினமும் பால்கேனோட தள்ளுறேன்.”

பின்னால் ஹாரன் அலறியது. கிருபாகரன் இறங்கித் தள்ளினார். சட்டை முதுகோடு ஒட்டியது.

“யாருக்கு சார் ஓட்டத் தெரியலை?”

“மோட்டார்தான் பத்தலை,” என்று முணுமுணுத்தார்.

“அது எனக்குத் தெரியும். அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

உரக்கச் சொன்னார்.

“எப்ப மாத்துவீங்க?”

“இன்னைக்கே.”

அதற்குப் பிறகுதான் தவமணி இறங்கினாள்.