துண்டுக்கு மேலே படுக்காத குட்டி

அந்தப் புள்ளையோட தூக்கத்தக் கெடுத்தது ஏரோப்ளேன் இல்ல. ஒரு ஆளு. பேரு சொல்ல மாட்டேன். அந்த ஆளு இப்ப அதே ரூம்புலதான் நிக்காரு. துணி மடிக்கிற மாதிரி பாவன பண்ணிக்கிட்டு, நான் பேசுறத ஒரு காதால கேட்டுக்கிட்டு நிக்காரு. கேக்கட்டும். கேக்கணும்னுதான் போன ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

“பெரிம்மா, யாரத் திட்டுற?”

ஒன்னத் திட்டல தாரு. போனத் தலமாட்டுல வச்சுட்டுக் கால நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ. அங்க கனடாவுல ஒனக்குப் பொழுது அடைஞ்சிருச்சு, இங்க எட்டயபுரம் சந்தையில எனக்கு இப்பத்தான் விடியுது. மே மே-ன்னு கேக்குதா? எல்லாம் நம்ம ஆடுகதான். அதுகள விக்கிறதுக்கு முன்னால ஒன்னயத் தூங்க வைக்கலாம்னு ஒரு சாக்க விரிச்சு உக்காந்துட்டேன்.

“எனக்கு இங்க தூக்கம் வரல. கிளாஸ்லதான் வருது. மிஸ் திட்டுறாங்க. அப்பா ஜெட் லேக்னு சொன்னாங்க. தானா சரியாயிருமாம்.”

நீ ஊருக்குக் கெளம்புன அன்னைக்கு நம்ம கருப்பி ஒரு குட்டி போட்டாளே, ஞாபகம் இருக்கா? அது இப்பத் தழ கடிக்குது. பட்டியத் தாண்டிக் குதிக்குது. இன்னுமா ஒனக்கு ஜெட் லேக்கு? சரி, அத விடு. கண்ண மூடு. கத சொல்றேன். நடுவுல “ம்” கொட்டணும். கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சுப் போன வச்சுருவேன்.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு. ஒடம்பெல்லாம் வெள்ள, காது மட்டும் கருப்பு. அது சும்மா ஆட்டுக்குட்டி இல்ல தாரு, அதுதான் தூக்கம். பொழுதடைஞ்சா வரும். படுக்கைய ரெண்டு சுத்துச் சுத்தும். கால மடிச்சு, பொத்துன்னு நெஞ்சோரமாப் படுக்கும். அது படுத்துச்சுன்னா புள்ள தூங்கிரும்.

“ம்.”

அந்த ஊர்ல ஒரு அம்மா, அவளுக்கு ஒரு மக. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே குட்டி. தலைய அம்மா கையில வைக்கும், கால மக வயித்துல போடும். அப்போ ஒரு நா, மகளக் கூட்டிட்டுப் போயி ஏரோப்ளேன்ல ஏத்திட்டாக. அது கொர்ர்ர்னு மேல போயிருச்சு. குட்டிய ஆரும் ஏத்தல. அது கீழ நின்னு மே-ன்னு ஒரு தடவ கத்திப் பாத்துச்சு. அப்புறம் நடக்க ஆரம்பிச்சுருச்சு. டொக்கு, டொக்கு, டொக்கு.

“கனடாவுக்கா? நடந்தேவா?”

பின்ன, ஓங்கப்பாவா அதுக்கு வண்டி அனுப்புனாரு? நடந்துதான் போச்சு. போகப் போக, முன்னால கடலு. சளார், சளார். கடலு கேக்குது, “சும்மா விட மாட்டேன். என்ன தருவ?”

“என்ன வேணும், கேளு.”

“ஒன் கழுத்து மணி.”

“மணி அம்மா கட்டுனது. அதத் தர முடியாது. பாதிச் சத்தம் தாரேன்.”

“முழுச் சத்தம்.”

“முக்கால்.”

“முழுச் சத்தம். இல்லேன்னா திரும்பிப் போ.”

குட்டிக்கு அக்கர போயாகணும். அவசரத்துல நிக்கிறவனோட மூஞ்சியப் பாத்தாலே எதிராளி வெலைய ஏத்திருவான், அது கடலா இருந்தா என்ன, தரகனா இருந்தா என்ன. கடலு மணியோட நாக்க மட்டும் பிடுங்கி வச்சுக்கிச்சு. அப்புறம் குட்டி நடந்தா மணி ஆடும், சத்தம் வராது.

“பாவம் பெரிம்மா.”

ம். இந்தா, இரு தாரு. ஏ சங்கிலி, கைய எடு. இப்ப வெல பேசல. புள்ளைக்குக் கத சொல்லிட்டிருக்கேன். கெடாய வேணும்னா நின்னு பாரு, பல்லப் பிடிச்சுப் பாக்காத. காலங்காத்தால எம் வாயில விழுந்து தொலையாத, அங்கிட்டுப் போ.

“யாரு அது?”

ஒரு தரகன். நடக்காத மாட்டையே வித்துட்டு, தூங்குது, எந்திரிச்சா நடக்கும்னு சொல்ற பய. அவன் கெடக்கான். எங்க விட்டேன்? கடலத் தாண்டிருச்சு. அப்போ முன்னால பனி. பாக்குற எடமெல்லாம் வெள்ள. சரக், சரக், சரக். பனி கேக்குது, “ஒன் வயித்துச் சூட்டக் குடு.”

“குடுத்துட்டா நான் போயிப் படுத்து என்ன புண்ணியம்? புள்ளைக்கு எது கதகதப்பு?”

“அது ஒன் பாடு.”

குட்டி பேசுச்சு, கெஞ்சுச்சு, முட்டிக்கூடப் பாத்துச்சு. பனிக்கு எங்க வலிக்கும்? கடசியில பாதிச் சூட்டக் குடுத்துட்டுத்தான் போச்சு. அப்போ மூணாவதா ஒரு வீடு. அந்தப் புள்ள இருக்குற வீடு. கதவுக்கு அடியில, இந்தப் பேப்பர் நொழையிற சந்துல, சுர்ருன்னு உள்ள போயிருச்சு.

“ம்.”

உள்ள பாத்தா, பாவம், அந்த வீட்டு ஆளு என்னென்னமோ செஞ்சு வச்சிருக்காரு. சுடச்சுடப் பாலு. சன்னலுக்குக் கறுப்புத் துணி. புள்ள அசந்து போகணும்னு பகல்ல வெயில்ல ஓட விட்டிருக்காரு. பொய் சொல்லக் கூடாது, எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்காரு. குட்டி போயி படுக்கைய ஒரு சுத்துச் சுத்துச்சு. ரெண்டு சுத்துச் சுத்துச்சு. மடிச்ச கால அப்படியே நிமித்திருச்சு. படுக்க மாட்டேங்குது.

“ஏன்?”

படுக்குற எடத்துல ஒரு துண்டு விரிச்சுக் கெடக்கு. துண்டுக்கு அடியில என்னமோ அசையுது.

“என்ன துண்டு?”

நீ என்கூடச் சந்தைக்கு வந்தப்பப் பாத்தேல்ல. நானும் வாங்க வந்தவரும் ரெண்டு பேரு கையையும் ஒரு துண்டால மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுனோம். சுத்தி அம்புட்டுப் பேரு நின்னாக, ஒருத்தருக்கும் தெரியல. ஆட்டுக்கும் தெரியல. அது அதுபாட்டுக்கு வேப்பந்தழையத் தின்னுக்கிட்டு நின்னுச்சு.

“பெரிம்மா.”

சொல்லு தாயி.

“அப்பாவும் அந்த மாதிரி பண்ணாங்க. ஆஸ்பத்திரியில. அம்மா கை மேல துண்டு கெடந்துச்சு. அப்பா உள்ள கைய விட்டிருந்தாங்க. துண்டு அசைஞ்சுச்சு. நான் பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன்.”

ம்.

“அப்புறந்தான் அப்பா சொன்னாங்க, அம்மா அடுத்த ப்ளேன்ல வருவாங்கன்னு. காய்ச்சல் சரியானதும் வருவாங்கன்னு. பெரிம்மா, ராத்திரி மேல ப்ளேன் போற சத்தம் கேக்கும். கேட்டா நான் எந்திரிச்சு உக்காந்துருவேன். காலிங் பெல் அடிச்சா அப்பா தூங்கிட்டிருப்பாங்க, எனக்குத்தான் கேக்கும். அதான் தூங்காம இருக்கேன்.”

கேட்டீங்களா? ஏங்க, துணி மடிக்கிறவரே, ஒங்களத்தான். புள்ள வாசலுக்குக் காவல் இருக்கா. அதுக்குப் பேரு ஜெட் லேக்கா?

“மதினி, போதும். அவ சின்னப் புள்ள. கதைய முடிச்சுட்டு வைங்க.”

முடிக்கத்தான் போறேன் தம்பி. பாதியில வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல. தாரு, கேட்டுக்கிட்டிருக்கியா?

“ம். துண்டுக்குள்ள என்ன வெல பேசுனாங்க?”

எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்டில் காலடியிலதான் நின்னேன். துண்டு அசையுற விதத்தப் பாத்தாலே வெலையச் சொல்லிப்புடுவேன், அந்தச் சோத்தத் தின்னுதான வளந்தேன். ஆனா சந்தையில ஒரு முற இருக்கு தாயி. வேடிக்க பாத்தவ வெலைய வெளிய சொல்லக் கூடாது. உள்ள கைய விட்டவங்கதான் துண்ட எடுக்கணும். ரெண்டு பேருல ஒருத்திக்கு இப்பக் கையத் தூக்கத் தெம்பு இல்ல. இன்னொருத்தர் ஒம் பக்கத்துல நிக்காரு.

“குட்டி என்ன ஆச்சு?”

குட்டி எம்புட்டு நேரம் நிக்கும்? வந்த வழியே திரும்பிருச்சு. சரக், சரக். திரும்பவும் பனி, மிச்சச் சூட்டையும் வாங்கிக்கிச்சு. சளார், சளார். திரும்பவும் கடலு. மணிய முழுசாவே பிடுங்கிக்கிச்சு. ஊருக்கு வந்து அம்மா கட்டில்கிட்டப் போச்சு. அந்த அம்மாவும் முழிச்சுத்தான் கெடக்கா. “எம் மக தூங்கிட்டாளா?”ன்னு கேக்குறா. தெனமும் விடியக்காலம் அதான் கேள்வி. நான் சந்தைக்குக் கெளம்பையில என்னய நிறுத்தி... அந்தக் குட்டிய நிறுத்திக் கேக்குறா. குட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தக் கட்டில்ல இப்ப எடம் நெறையக் கெடக்கு தாரு. ஆளு சுருங்கிக்கிட்டே வாறா. ஆனாலும் குட்டி அங்கயும் படுக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் நின்னுட்டு, திரும்ப டொக்கு டொக்குன்னு கனடாவப் பாத்து நடக்குது. கால் கொளம்பெல்லாம் தேஞ்சு போச்சு.

“நடந்து நடந்து செத்துப் போயிருமா?”

தெரியல தாயி. கத இன்னும் அம்புட்டுத் தூரம் போகல. ஒன்னு மட்டும் தெரியும். ஆட்டுக் கயிறு கை மாறுற வரைக்கும் எந்தப் பேரத்தையும் முறிக்கலாம். வெல பேசியாச்சு, தலைய ஆட்டியாச்சு, ஒரு வா டீ கூடக் குடிச்சாச்சுன்னு இருக்கட்டும், கயிறு கை மாறலேன்னா முறிச்சுட்டுப் போகலாம். ஆரும் குத்தம் சொல்ல மாட்டான்.

தம்பி, எந் தங்கச்சி ஒங்ககிட்ட வெரலப் பிடிச்சுக் கேட்டது தப்பான வெல. வலி தாங்காமக் கேட்டா. “புள்ள என்னய இப்படிப் பாக்கக் கூடாது, கூட்டிட்டுப் போயிருங்க, சொல்லாதீங்க”ன்னு அவ கேட்டா, நீங்களும் மறுவார்த்த பேசாம ஒத்துக்கிட்டீங்க. பாத்தீங்களா, முறையையும் மீறி வெலையச் சொல்லிட்டேன். சொல்ல வச்சுட்டீங்க. வாக்கக் காப்பாத்துறேன்னு அங்க பாலக் காய்ச்சிக்கிட்டு நிக்கீங்க. அவ கேட்டது ஒங்க கண்ணுல தெரிஞ்ச பயத்தப் பாத்துத் தானும் பயந்து போயி. இப்ப அவ அப்படிக் கேக்கல. இப்ப வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கா, ரெண்டு பேரும் ரெண்டு வாசலப் பாத்துக்கிட்டு.

“பெரிம்மா, அது அம்மாவா? கட்டில்ல இருக்குறது?”

எங் கத இதோட நின்னு போச்சு தாரு. மிச்சக் கத ஓங்கப்பாகிட்ட இருக்கு. கண்ணத் தெற. எந்திரிச்சு உக்காரு. இன்னைக்கு ஒரு நா நீ தூங்கவே வேணாம்.

கயிறு இன்னும் கை மாறல, எந் தங்கச்சி இன்னும் எங் கையிலதான் இருக்கா, எம்புட்டு நேரம் பிடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. வெளக்கப் போடுங்க தம்பி. அந்தச் சட்டையக் கீழ போட்டுட்டு, புள்ள பக்கத்துல போயி உக்காருங்க. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் மடிச்ச துணியையெல்லாம் அப்படியே பெட்டியில வச்சு, அவளக் கூட்டிட்டு வாங்க. நான் போன வைக்கல. துண்ட எடுங்க.