அங்கமுத்து வைத்த பாக்கி

இந்தக் கதையை நான் நேரில் கண்டவன் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். வழியில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடி எழுதுகிறேன்.

கரட்டுக் குன்றின் அடியில் ஓர் அம்மையார் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். நஞ்சப்பன் அவரைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் அவருக்குச் சீடன். ஒரு நாள் வந்து வணங்கிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"பையன் பொறந்திருக்கானாமே. மூஞ்சியில சந்தோஷத்தைக் காணோம்?" என்றார் அம்மையார்.

"பேரு வைக்கணுங்கம்மா. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது எங்க வழக்கம். மச்சினன் சிரிக்கிறான். 'அந்தப் பேரை வச்சா பையன் தவழவே நாலு வருஷம் ஆகும் மாமா'ங்கறான்."

"ஏன் அப்படி?"

"எங்கப்பாவை ஊரே நத்தைன்னுதான் கூப்பிடும்."

நஞ்சப்பனின் அப்பா அங்கமுத்து கிணறு வெட்டுகிறவர். இரண்டு பேத்திகளை ஆளுக்கொரு தோளில் தூக்கித் திரிந்தவர், பேரனைப் பார்க்காமல் போய்விட்டார். இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"வேலைக்குச் சுணங்குவாரோ?"

"ஐயோ, இல்லீங்க! கோழி கூப்பிடறதுக்கு முந்தி கிளம்பிடுவார். உளி பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கையில ரேகையே இல்லை. கொண்டுபோற சோத்துல பாதி கூட வேலை செய்யறவங்களுக்குத்தான் போகும். ஆனா, ஊத்து வந்ததும் மத்தவங்க மேலே ஏறிடுவாங்க. இவர் மட்டும் இன்னொரு நாள் உள்ளேயே கிடப்பார். அதுக்குக் கூலியும் வாங்கமாட்டார். கேட்டா, 'கொஞ்சம் பாக்கி இருந்துச்சு'ம்பார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

நஞ்சப்பன் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

"பேரை வச்சா பையன் கேலியைச் சுமக்கணும். வைக்காம விட்டா அப்பா ரெண்டாம் தடவை செத்த மாதிரி. நான் என்ன செய்யட்டும்?"

அம்மையார் வெளியே பார்த்தார். மழை பொய்த்த வருஷம். கரடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"கிணறெல்லாம் வத்திக் கிடக்குது. நல்ல நேரம்தான். உங்கப்பா வெட்டின கிணத்துல ஒண்ணுல இறங்கிட்டு வாங்க."

நஞ்சப்பன் கிழக்கே ஒரு தோட்டத்துக்குப் போனான். கிணற்றுக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"நத்தை மகனா? வா, வா. உங்கப்பன் செஞ்ச கோணல் வேலையை நீயே வந்து பாரு. சுவரெல்லாம் இழைச்ச மாதிரி இருக்குது, ஒரே ஒரு கல்லு மட்டும் பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. இத்தனை வருஷமா தண்ணிக்குள்ள கிடந்ததால தெரியலை. இறங்கறதுதான் இறங்கறே, அதை உடைச்சு விட்டுட்டுப் போ."

சம்மட்டியையும் கையில் கொடுத்தார்.

நஞ்சப்பன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். பாதி ஆழத்துக்கும் கீழே அந்தக் கல் இருந்தது. வெளியே ஒரு முழம் நீண்டிருந்தது. சுவரில் அதற்கு மேலே இரும்பு வளையம் ஒன்றும் அடித்திருந்தது. சம்மட்டியை ஓங்க வாகாக இருக்கட்டும் என்று கல்லின் மேலேயே ஏறி நின்றான். அசையவில்லை. வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தான். தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டம் பாசி காய்ந்து கோடாகத் தெரிந்தது. கிணற்றைச் சுற்றி ஓடிய அந்தக் கோடு, அவன் இடுப்புக்கு நேராக வந்து நின்றது.

கையிலிருந்த சம்மட்டியைத் தாழ்த்தினான்.

"உடைச்சாச்சா?" மேலிருந்து குரல் வந்தது.

சம்மட்டி விழும் சத்தம் வரவில்லை.

மேலே ஏறி வந்தவன் சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

"அது கிடக்கட்டுங்க. உங்க வீட்டுக் குழந்தைங்க விளையாடற தோட்டம்."

கிணற்றுக்காரர் ஒன்றும் விளங்காமல் எட்டிப் பார்த்தார். நஞ்சப்பன் அதற்குள் வரப்பில் இறங்கியிருந்தான். அடுத்த தோட்டத்துக்கு ஓடினான். அங்கேயும் ஒரு கல், அதன் மேல் ஒரு வளையம். அதற்கடுத்த கிணற்றிலும் இருந்தது. கரட்டைச் சுற்றி அப்பா வெட்டிய கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனான். எல்லாவற்றிலும் இருந்தது. பொழுது சாயும் வரை நடந்தான்.

மறுநாள் குடிசைக்கு வந்தான்.

"எல்லாக் கிணத்திலயும் வச்சிருக்காருங்கம்மா. தண்ணி மூடிடும், யாரும் பார்க்கமாட்டாங்கன்னு தெரிஞ்சே வச்சிருக்கார். பெத்த மகன் எனக்கே தெரியலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மையார் அடுப்பில் சுள்ளியைத் தள்ளினார்.

"ஆடு மேய்க்கிற வயசுல கிணத்துல தவறி விழுந்து அந்தக் கல்லுமேல நின்னிருக்கேன். ஆள் வர்ற வரைக்கும்."

நஞ்சப்பன் எழுந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பேருந்தில் கேட்ட கதை இவ்வளவுதான். போன ஐப்பசியில் கேட்டு விசாரித்து அந்தக் கிழக்குத் தோட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. கிணறு நிறைந்து கிடந்தது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர் நீளமான மூங்கில் கழியைக் கொடுத்து, எந்தப் பக்கம் விட வேண்டும் என்றும் காட்டினார். சுவரோரமாக மெல்ல இறக்கினேன். தண்ணீருக்குள் கழி கல்லில் முட்டி நின்றது. பெரியவரிடம் பெயர் கேட்டேன். நஞ்சப்பன் மகன் அங்கமுத்து என்றார்.