சுவரைத் தள்ளிய தோள்

போன வருசம் தெற்கு ரதவீதி முக்கில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். சப்பரத்தின் முன் தண்டை இத்தனை காலம் சுமந்த என்னை விலக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக் கொம்பையா தோளைக் கொடுத்தான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். இந்த வருசம் யாருக்கு எந்த இடம் என்று ஆள் பிரிக்க, இசக்கியப்பண்ணாச்சி நேற்று எல்லோரையும் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார். என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும். அதனால் தோள் எப்படித் தேறியது என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பொண்ணு சொல்லிக்கொடுத்த பயிற்சி. முதுகும் பின்மண்டையும் சுவரில் ஒட்ட நிற்க வேண்டும். போலீஸிடம் சிக்கிய திருடன் மாதிரி இரண்டு கையையும் மடக்கித் தூக்கி, சுவரை விட்டு விலகாமல் மெதுவாக மேலே ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். சின்னப்பிள்ளை வேலைதான். ஆனால் செய்கிறவன் நான் இல்லையா?

முதல் வாரத்திலேயே கை பட்ட இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து சுவரில் இரண்டு சிறகு மாதிரித் தடம் விழுந்தது. கருடன் இறங்கியிருக்கிறது என்று அடுத்த தெருக்காரர்கள் தேங்காயோடு வந்துவிட்டார்கள். அதை நான்தான் உடைத்துக் கொடுத்தேன், இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் வைத்து. வீட்டில் பாக்குவெட்டியைக்கூடத் தூக்கிப் போட்டாயிற்று.

"முதுகுல உடைச்ச தேங்காயைச் சாமி ஏத்துக்கிட்டாராக்கும்?" என்றான் பூக்கடை மாசானம்.

ஏற்றுக்கொண்டார் என்றேன். இதையே நம்பாதவனிடம் மற்றதை எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னேன்.

நான் செய்யச் செய்யச் சுவர் பின்னால் நகர ஆரம்பித்தது. அந்தப் பக்கம் கொம்பையா வீட்டு அடுக்களை. இப்போது அவன் பெண்டாட்டி ஒருக்களித்து நின்றுதான் தோசை சுடுகிறாள். தோசை வட்டமாக வருவதே இல்லை.

கொம்பையா என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னான். "நேத்துதான் அடுக்களைல கிரைண்டர் வாங்கி வச்சிருக்கேன். தாராளமா இடம் கிடக்கு."

நானும் அண்ணாச்சியிடமே பதில் சொன்னேன். "கிரைண்டர் வைக்கட்டும்னுதான் ரெண்டு நாளா இரக்கப்பட்டு லேசா சாயுதேன்னு அவங்கிட்ட சொல்லுங்க."

கையை ஏற்றி இறக்குகிற காற்றில் குற்றாலத்துச் சாரல் திசைமாறி எங்கள் தெருவில் மட்டும் பெய்ததையும், வத்தல் காயப்போட்ட பெண்கள் என்னைத் திட்டியதையும் சொன்னேன். மாசானம் கொட்டாவி விட்டான். அண்ணாச்சி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனவே மிச்சம் வைத்திருந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. முதுகுக் கூனல் நிமிர்ந்தது. நிமிர்ந்ததோடு நிற்காமல் நான் ஒரு முழம் வளர்ந்துவிட்டேன். உட்கார்ந்திருப்பதால் தெரியவில்லை. முடிவெட்டுகிறவர் ஸ்டூல் போட்டு ஏறித்தான் வெட்டுகிறார்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முன் தண்டுக்கு ரெண்டு பக்கமும் தோள் ஒரே மட்டமா இருக்கணும்லா. ஒரு பக்கம் மட்டும் ஒரு முழம் ஏறுனா சாமி அப்படியே பட்டர் மேல சரிஞ்சுரும். கொம்பையாவே நிக்கட்டும். சாமிக்குக் குடை பிடிக்கத்தான் நெட்டையான ஆளு இல்லாமக் கிடக்கு. நாலு ரதவீதியும் ரெண்டு கையையும் தூக்கியே பிடிக்கணும். உமக்கு அதெல்லாம் ஒரு வேலையா?"

எனக்கு அங்கேயே தோளில் சுளீர் என்றது. "அண்ணாச்சி, இந்த வளத்தி காலைல மட்டுந்தான். சாயங்காலமானா பழைய உயரத்துக்கே வந்துருவேன்" என்றேன்.

"சாமி காலைலதானவே புறப்படுது" என்றார்.