எண் சொல்லாத கதைசொல்லி

ராஜாக்கள் வாயில் வந்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம் அது. அப்படிப்பட்ட ராஜா ஒருவர் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனார். அங்கே ஏழு வயது இளவரசன் வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பித்தான். நம் ராஜாவுக்குப் பாயசம் இறங்கவில்லை. அவருடைய மகள் இளவெயினிக்கும் ஏழு வயதுதான். ஆனால் கணக்கு என்று காதில் விழுந்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஊர் திரும்பியதும் முரசறையச் சொன்னார்: "இன்று முதல் இந்த நாட்டில் கணக்குக்குப் பயப்படுவது குற்றம்!"

மந்திரிகள் கைதட்டினார்கள். இளவரசி கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை.

அவளுக்குப் பாடம் சொன்னவர் அரண்மனை ஆசான் பேரெயில்நாதர். மூன்று வருடம் பிரம்பும் கையுமாக நின்று, பயத்தை மட்டும் பிழையில்லாமல் கற்றுக்கொடுத்திருந்தார். விகடகவி தத்தனை ராஜா அடிக்கடி பாராட்டுவது அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். பழி தன்மேல் விழும் முன் முந்திக்கொண்டார்.

"அரசே, இளவரசியார் தத்தனாரின் கதைகளைத்தான் விரும்பிக் கேட்கிறார். பத்தே நாளில் அவரே பெருக்கல் கற்றுத் தரட்டும். ஆனால் எண்கள் புனிதமானவை. கோமாளியின் வாயில் ஓர் எண்கூட வரலாகாது. வந்தால் நாடு கடத்துங்கள். இளவரசியார் தேறாவிட்டால் ஓராண்டு என் இல்லத்தில் தங்கிப் படிக்கட்டும்."

"அருமையான யோசனை!" என்றார் ராஜா. அவருக்கு எல்லா யோசனையும் அருமைதான்.

"உத்தரவு பிரபு" என்றான் தத்தன்.

மறுநாள் ஆசான் ஏடும் எழுத்தாணியுமாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எந்தக் கதையும் 'ஒரு ஊரில்' என்றுதானே தொடங்கியாக வேண்டும்? 'ஒரு' என்பதும் எண்தானே! முதல் வார்த்தையிலேயே ஆள் மாட்டிக்கொள்வான்.

தத்தன் கட்டிலருகே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"ஊர்ல ராஜா இருந்தாராம்."

கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு சொல்லணும்."

"எனக்கு அதெல்லாம் சொல்ல வராது தாயி, நீங்களே சொல்லிக்குங்க. அந்த ராஜா குரங்குகளைப் படகுல ஏத்தினாராம். படகு இத்தனை." விரல்களைக் காட்டினான்.

தலை வெளியே வந்தது. "மூணு."

"படகுக்குப் படகு இத்தனை குரங்கு."

"நாலு."

"அக்கரையில ஆளுக்கொரு பழம்..." என்று சொல்ல வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்கரையில எல்லாக் குரங்குக்கும் பழம் வேணும். குறைஞ்சா ராஜா மீசையைப் பிடிச்சு இழுத்துடும். எத்தனை வாங்கலாம்?"

இளவெயினி அவசரமாக விரல்களை மடக்கினாள். "பன்னெண்டு! சீக்கிரம் வாங்கச் சொல்லுங்க!"

தத்தன் நாக்கைக் கடித்த நேரத்தில் ஆசான் எழுத்தாணியைத் தேடிக்கொண்டிருந்தார். அதன்பின் எட்டு நாளும் அவருக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் சபை கூடியது. ஆசான் பிரம்பைத் தட்டினார். "ஏழெட்டு எவ்வளவு?"

குழந்தையின் உதடு நடுங்கியது. தத்தன் வாய் திறக்கவும் முடியாது. அப்போது அவள் நிமிர்ந்தாள்.

"ஏழு படகா, ஏழு குரங்கா?"

ஆசான் திகைத்து ராஜாவைப் பார்த்தார். "ப... படகு."

"அப்ப அம்பத்தாறு பழம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "குரங்குன்னாலும் அம்பத்தாறுதான். சும்மா கேட்டேன்."

"சரியா?" என்று ராஜா மந்திரிகளைப் பார்த்தார். மந்திரிகள் கூரையைப் பார்த்தார்கள். ஆசான்தான் முணுமுணுத்தார்: "சரி. ஆனால் இது மோசடி, அரசே! எண்களையெல்லாம் இளவரசியாரே சொன்னார். இவர் ஒன்றுமே சொல்லவில்லை!"

"அவள் சொல்ல வேண்டும் என்றுதானே மூன்று வருடமாக நீர் அடித்தீர்?" என்று ராஜா சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டவர், அப்படியே காதருகே குனிந்தார்.

"தத்தனாரே, எனக்குப் பின்னம் வராது. நாளை நானும் வரலாமா?"

"இளவரசியாரைத்தான் கேட்க வேண்டும் பிரபு."

இளவெயினி யோசித்தாள். "வாங்கப்பா. நடுவுல பேசக் கூடாது. தெரியலேன்னா அழக் கூடாது."

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.