பட்டியலில் இல்லாத பெயர்

இந்தக் கதையில் ராஜகுமாரி கிடையாது. மூன்று பெட்டிகள் இருக்கின்றன. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், எனக்கு அலுத்துவிட்டது.

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அதில் மூன்று பேருக்கு நான் தலைவி. மலையடிவாரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு, எந்த நோயாளிக்கு எந்த நேரம் எந்த மெஷின் என்று முறை ஒதுக்கும் நிரலை நாங்கள் எழுத வேண்டும். அதுவரை நர்ஸ் குளோரி நோட்டில் எழுதிவந்தார். ஒருமுறை ஒரே மெஷினை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு எழுதிவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்த ரங்கன் என்பவர், வீங்கிய காலோடு அப்படியே திரும்பிப் போனார்.

நாங்கள் எடுத்துக்கொண்டது சார்புகளை, அதாவது சின்னச் சின்ன ஃபங்ஷன்களை, ஒன்றோடொன்று கோத்து எழுதும் வகை நிரல்மொழி. அதனோடு ஒரு லைப்ரரி வரும். அடிக்கடி தேவைப்படும் வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்த கருவிப் பெட்டி அது. போதாது என்று வேறு சிலர் செய்த மாற்றுப் பெட்டிகளும் உண்டு. ஒரே பெயருள்ள கருவி பெட்டிக்குப் பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் கலக்கக் கூடாது, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

மூவரில் ஆரோக்கியதாஸ், மொழியோடு வந்த பெட்டியே போதும் என்றான். சின்னது, பழையது, மாறாது. ஆனால் தேடிய நோயாளியின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், நாம் எதிர்பாராத இடத்தில் நிரல் அப்படியே நின்றுவிடும். மெஹருன்னிசா கேட்டது பெரிய பெட்டி. பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் அது நம்மை நகரவே விடாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் கருவிகள் மாறும், நம் நிரலையும் திருத்த வேண்டும். பொன்முடி நடுவாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பெயர் இல்லாவிட்டால் முன்பே சொல்லிவைத்த ஒரு பதிலை அது சத்தமில்லாமல் கொடுத்துவிடும்.

மூன்று மாதம் வாதம். வேலை ஒரு வரிகூட நகரவில்லை. மெஹருன்னிசா முதல் வாரமே சிங்கப்பூர் வேலைக்காக ராஜினாமா கொடுத்திருந்தாள். ஆனாலும் அதிகம் வாதாடியது அவள்தான். பொன்முடிக்கு வேறு வேலை காத்திருந்தது. பிறகு இந்த நிரலைப் பார்த்துக்கொள்ளப் போவது ஆரோக்கியதாஸ் ஒருவன்.

கடைசியில் மூவரையும் அவரவர் பெட்டியை வைத்து ஒரு மாதிரி நிரல் எழுதச் சொல்லி, குளோரியை வரவழைத்தேன். அவர் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்துப் பார்த்தார். ஆரோக்கியதாஸின் மாதிரி நின்றுபோனது. மெஹருன்னிசாவுடையது, புதியவரா என்று கேட்டது. பொன்முடியுடையது முதல் மெஷினை ஒதுக்கியது. அங்கே ஏற்கெனவே வேறொருவர் பெயர் இருந்தது.

“நின்னு போச்சுன்னா நோட்டை எடுத்துக்குவேனுங்க மேடம். தப்பா சொல்லுச்சுன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் குளோரி.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் கேட்ட பெட்டியை எடுப்பது சரி?

விடை: ஆரோக்கியதாஸ் கேட்டதை. பெட்டிகளில் சிறந்தது மெஹருன்னிசாவுடையதுதான். ஆனால் வருஷாவருஷம் அதோடு மல்லுக்கட்ட அவள் இருக்க மாட்டாள். பொன்முடியுடையது செய்யும் தவறு குளோரியின் கண்ணில் படாது. நின்றுபோனால் கட்டாயம் படும், திருத்த ஆரோக்கியதாஸும் இருப்பான். இதை மெஹருன்னிசாவிடம் சொன்னேன். “போறவ பேச்சை மூணு மாசம் எதுக்குக்கா கேட்டீங்க?” என்றாள். அந்த மூன்று மாதத்தில் ரங்கன் இன்னும் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தார்.