அக்கரைக்குத் தெரிந்த பக்கம்

ஒரு பெரிய குளம். அதன் கரையில் ஒரு பனைமரம். அந்தப் பனையில் நாரப்பன் என்ற தூக்கணாங்குருவி ஏழு கூடுகள் கட்ட ஆரம்பித்திருந்தான். ஏழில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். நார் கிழிக்கக் கிளம்புவான். வழியில் ஒரு தும்பி பறக்கும். அது என்ன நிறம் என்று பார்க்கப் பின்னாலேயே போவான். அங்கே ஈரக் களிமண் கண்ணில் படும். "அடடா, கூட்டுக்குப் பூச நல்ல மண்!" என்று அள்ளி வருவான். வந்து பார்த்தால் பூசுவதற்குச் சுவர் இருக்காது! அவன் மனசு அப்படி. ஒரே நேரத்தில் ஒன்பது கிளையில் உட்காரும்.

மழைக்காலம் நெருங்கியது. அவன் மனைவி செவ்வந்தி முட்டையிடும் நாளும் நெருங்கியது.

"இன்னும் அஞ்சு நாள்தாங்க இருக்கு! கூடு இல்லாம முட்டையை எங்க வைக்கிறது?" என்றாள் செவ்வந்தி.

குளத்தின் அக்கரையில் மண்டூகவல்லி என்ற தவளை இருந்தாள். மனசு ஓரிடத்தில் நிற்காதவர்களுக்கும், கூட்டமும் சத்தமும் தாங்காதவர்களுக்கும் அங்கிருந்தபடியே குரல் கொடுத்து வழி சொல்வதுதான் அவள் வேலை. யார் முகத்தையும் பார்த்துப் பேசப் பிடிக்காத முள்ளம்பன்றிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பார்க்காமலே பேசலாம் அல்லவா? நாரப்பனுக்கும் அதுவே வசதி. நேரில் போகக் கிளம்பினால் பாதி வழியில் வேறெங்காவது போய்விடுவான்! பனையில் இருந்தபடியே தன் கஷ்டத்தை அவளிடம் கத்திச் சொன்னான்.

"ஏழு கூடு வேண்டாம், நாரப்பா! ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோ. தினமும் காலையில எவ்வளவு ஆச்சுன்னு சொல்லு!" என்றாள் தவளை.

"சரிக்கா!"

மறுநாள் காலையில் நாரப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவன் பின்னியிருந்தது இரண்டே நார். அக்கா என்ன நினைப்பாள்? 'உனக்கு அக்கறையே இல்லை' என்று குஞ்சாக இருந்த நாள் முதல் கேட்டுக் கேட்டு அவன் மனசு புண்ணாகியிருந்தது. அவசர அவசரமாக, அக்கரையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் நாரை நெருக்கிப் பின்னினான்.

"எப்படிக்கா இருக்கு?"

"அடேயப்பா! அருமை!"

அந்தப் பாராட்டு அவனுக்கு இனித்தது. அடுத்த இரண்டு நாளும் அந்தப் பக்கத்தையே அழகுபடுத்தினான்.

மூன்றாம் நாள் மாலை செவ்வந்தி கூட்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது! பின்னால சுவரே இல்ல! அடியில ஒண்ணுமே இல்ல! முட்டை வச்சா நேரா குளத்துலதான் விழும்!"

அவள் கண் கலங்கிவிட்டது. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து மரத்துக் காக்கை கரியண்ணன் சிரித்தான். "தூரத்துல இருந்து கத்தினா கூடு வந்துடுமா? பக்கத்துல நின்னு நாலு கொத்து கொத்தினாத்தான் இவன் வழிக்கு வருவான்!"

நாரப்பனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் முட்டைகளை நினைத்ததும் வெட்கம் எங்கே நிற்கும்? ஓலை நுனிக்குப் போய்க் கத்தினான்.

"அக்கா! உங்களுக்குத் தெரியுற பக்கம் மட்டும்தான் கட்டினேன்! பின்னால ஒண்ணுமே இல்ல!"

குளம் முழுக்கக் கேட்டது. அக்கரையிலிருந்து தவளையின் குரல் வந்தது.

"தப்பு என் மேலயும் இருக்கு, நாரப்பா! இங்கிருந்து தெரிஞ்சதை மட்டும் பார்த்துப் பாராட்டிட்டேன். மத்த பக்கம் எப்படின்னு கேட்கவே இல்ல. சரி, வேலை எந்த இடத்துல நிக்குது?"

"நார் எடுக்கப் போனா மனசு ஓடிடுதுக்கா! தனியா இருந்தா நிக்கவே மாட்டேங்குது!"

"இது தெரியாமத்தானே வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்! செவ்வந்தி நார் கொண்டு வரட்டும். நாளைக்கு விடிஞ்சதிலிருந்து நான் கத்திக்கிட்டே இருக்கேன், நீ பின்னிக்கிட்டே இரு. மனசு ஓடினா 'ஓடிடுச்சு'ன்னு சொல்லு. திட்ட மாட்டேன்!"

விடிந்ததும் தவளை 'கொர்ர்... கொர்ர்...' என்று ஆரம்பித்தாள். நாரப்பன் பின்னினான்.

"ஓடிடுச்சுக்கா! தும்பி!"

"என்ன நிறம்?"

"சிவப்பு!"

"நல்ல நிறம். விட்ட இடத்துக்கு வா!"

ஒரே நாளில் இருபத்தேழு முறை ஓடியது. இருபத்தேழு முறையும் திரும்பி வந்தது. எண்ணிக்கொண்டிருந்த கரியண்ணன் சலித்துப்போய்த் தூங்கிவிட்டான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கூட்டுக்கு நாலு பக்கமும் சுவர் வந்தது, அடியும் வந்தது. செவ்வந்தி உள்ளே போய் மூன்று முட்டைகள் இட்டாள். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது.

"உள்ள நனையுதா, நாரப்பா?" என்று மழைச் சத்தத்தை மீறிக் குரல் கொடுத்தாள் தவளை.

"முட்டை நனையல! ஒரு மூலையில மட்டும் ஒழுகுதுக்கா!" என்றான் நாரப்பன், மறைக்காமல்.

"அப்ப அங்கிருந்து ஆரம்பி!"

உதவ வருபவரிடம் நம் நல்ல பக்கத்தை மட்டும் காட்டினால், அவர் உதவியும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்.